பக்கம் புரட்டத் தெரிந்த பிள்ளைகள்

துறைமுகத்து ஓரத்தில் நிற்கிற ஐஸ் தொழிற்சாலை நான் கட்டியது. அதன் முதலாவது கூரையைச் சண்டை கொண்டுபோனது, இரண்டாவதைக் கடல் கொண்டுபோனது, இப்போது இருப்பது மூன்றாவது. அதற்கு முன்னால் உள்ள மர இறங்குதுறையும் என்னுடையதுதான். அந்த இடம் வெறும் சேறு, தூண் நிற்காது என்று படித்த பொறியியலாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். தூண் நிற்கிறது. அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. அன்புவழிபுரத்தில் மாடி வீடு. உப்புத் தண்ணீர்தான் வரும் என்று மூன்று பேர் கைவிட்ட வளவில், நான் காட்டிய இடத்தில் தோண்டிய கிணறு. குளிர்ப்பெட்டி பூட்டிய லொறிகள் இரண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் வடக்குக் கட்டடம், நான்கு வகுப்பறை, ஓட்டுக் கூரை. அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆசிரியை. அவள் என் மகள். அந்த வடக்குக் கட்டடத்தில்தான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தவை இவை. படித்தவர்கள் தங்கள் பட்டியலைக் கொண்டு வரட்டும், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆனாலும் சில காலை வேளைகளில் இதையெல்லாம் நான்தான் செய்தேனா என்று எனக்கே ஐமிச்சம் வரும். உப்புநீர்த் தொட்டியின் மூடிப் பலகைகளைத் தூக்கும்போது வெள்ளைப் புகார் பனிமூட்டம்போல எழும்பி முழங்கால் வரைக்கும் நிறையும். அதற்குள் நடந்தால் என்னுடைய கால் எனக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே குடாக்கடல் அசையாமல் கிடக்கும். மூதூர்ப் பக்கத்துக் கரை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரு கோடாக மிதக்கும். அந்த நேரத்தில், நான் எங்கே தொடங்கினேன், எதில் ஏறி இங்கே வந்தேன் என்று நினைத்துப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது. ஏறி வந்தது மட்டும் தெரியும். யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

முதலில் ஏற்றிவிட்டவர் ஈச்சிலம்பற்றில் எங்கள் வாத்தியார். ஓலைக் கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அவர் ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற வகுப்புகள் பாடத்தைச் சேர்ந்து உரத்து வாசிக்கவேண்டும். சத்தம் நின்றால் பிரம்பு வரும். ஆகவே சத்தம் நிற்கவே நிற்காது. காலையில் தொடங்கினால் வெயில் ஓலை இடுக்கால் இறங்கி எங்கள் மடியில் விழும் வரைக்கும் அது போய்க்கொண்டிருக்கும். நான் அந்தச் சத்தத்துக்குள் மிதந்துகொண்டிருந்தேன். எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. பார்த்தால் ஈரமணலில் நண்டு ஓடின அடையாளம்போல இருக்கும். சத்தம் பிடிபட்டது. இரண்டு கிழமையில் ஒரு பாடம் முழுதும் வாயில் வந்துவிடும். படத்தைப் பார்த்தால் போதும்: வண்டில் படம் என்றால் சந்தைக்குப் போகிற பாடம், கொக்குப் படம் என்றால் குளத்துப் பாடம். எந்த இடத்தில் தாளைப் புரட்டவேண்டும் என்பதையும் காதால் பிடித்து வைத்திருந்தேன். அந்த இடம் வந்தால் முப்பது தாள் ஒன்றாகச் சரசரக்கும். மழைக்கு முன்னால் வயலில் காற்று இறங்குகிற சத்தம் அது. இன்றைக்கும் கண்ணை மூடினால் கேட்கும்.

கல்வி அதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வந்த அன்று வாத்தியார் என்னைத்தான் எழுப்பிவிட்டார். கொக்குப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன், தாளும் புரட்டினேன். அதிகாரி என் கன்னத்தைத் தட்டினார். அப்படித் தட்டு வாங்கிய பிள்ளை அந்த ஊரில் வேறு ஒருவரும் இல்லை.

வாத்தியாருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு கரும்பலகையில் என் பெயரை எழுதி, "இதை வாசி" என்றார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையாலேயே அழித்துவிட்டு, "தகப்பன் இல்லாத பிள்ளை. ஏறிப் போகட்டும்" என்று தனக்குத்தானே சொன்னார். அந்த வருடமும் ஏறினேன், அடுத்த வருடமும் ஏறினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என்னோடு அவ்வளவு பட்சமாக இருந்தவர்கள் குறைவு.

முப்பத்தைந்து வயது வரைக்கும் ஓர் எழுத்தும் தெரியாமல் இந்தத் துறைமுகத்தில் ஓடியிருக்கிறேன். ஒருவருக்கும் பிடி கொடுக்கவில்லை. ஐஸ்காரனுக்குக் கை எப்போதும் ஈரம். "கை ஈரம், நீ வாசி" என்று எந்தக் கடிதத்தையும் பக்கத்தில் நிற்கிறவனிடம் தள்ளிவிடலாம். மகள் முதலாம் வகுப்புக்குப் போன வருடம், அவள் வீட்டுப் பாடத்தைச் சரி பார்க்கிறவன்போலப் பக்கத்தில் இருந்து, அவள் எழுத்துக் கூட்டக் கூட்ட நானும் மனத்துக்குள் கூட்டினேன். அவளுக்குத் தெரியாது. தகப்பன் கண்டிப்பானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை விட்ட கெட்டிக்காரன் என்பதுதான் வீட்டில் நான் சொல்லி வைத்த கதை.

போன வருடத்துக்கு முந்திய வருடக் கடைசியில், ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்:

"அப்பா, என்ர வகுப்பில ஒரு பொம்பிளைப் பிள்ளை. எழுத்துக் கூட்ட மாட்டுது. எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கு. இன்னும் ஒரு வருசம் மூண்டிலேயே வைச்சிருந்தா நான் பிடிச்சுத் தூக்கிடுவன். தாய் சம்மதம் எழுதித் தந்தாத்தான் அதிபர் விடுவார். தாய் ஏலாது எண்டு நிக்கிறா."

"ஏத்தி விடு பிள்ளை. என்னையும் ஏத்தித்தானே விட்டவை? நான் கெட்டா போனன்?"

"உங்களுக்கு அப்ப வாசிக்கத் தெரியும் அப்பா. அது வேற கதை."

நான் மீனில் முள் பார்க்கிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தாய் வேறு யாரும் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஐஸ் அரைக்கிற இயந்திரத்தில் நிற்கிறவர். தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். அடுத்த நாள் காலை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி, உங்கட மகள் என்ர பிள்ளையை மறிச்சு வைக்கப் பாக்கிறா. தெரியுமோ?"

"டீச்சர் காரணமில்லாமச் சொல்ல மாட்டா."

"என்ன காரணம்? அவளோட இருந்ததுகள் எல்லாம் நாலாம் வகுப்புக்குப் போக, இவள் சின்னனுகளுக்கு நடுவில தென்னை மாதிரி நிக்கிறதோ? எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்கச் சிரிக்கும். நீங்கள் படிச்சோ முதலாளியானனீங்கள்? சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம். எழும்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கோ. உங்கட வாயை ஆரும் தட்ட ஏலாது."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. "ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொன்ன பிறகு மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க, வேலைக்கு நடுவில், பழைய யன்னல் ஒன்று என் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது.

அது நகரத்து ஆஸ்பத்திரி யன்னல். மகளுக்கு இரண்டு வயது. என் மனைவிக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை செய்யவேண்டியிருந்தது. அந்த நோயாளர் விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். ஒரு பின்னேரம் வேலைக்காரப் பெண்மணி ஒருவர் வாசலுக்கு வந்து, மனைவி தந்ததென்று ஒரு துண்டுக் கடதாசியை என் கையில் வைத்தார். நான் விரித்தேன். நண்டு ஓடியிருந்தது. அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வாசலில் தெரிந்த முகங்கள் நின்றன. தலையை ஆட்டி, சிரித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மறுநாள் தோடம்பழமும் பாணும் வாங்கிக்கொண்டு போனேன். மனைவி மேல்மாடி யன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில், என் பின்னால், வேலியோரத்தில் எல்லாம் தேடினார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை எங்க?"

நான் தோடம்பழத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"துண்டு வாசிச்சனீங்களோ?"

"ஓம், வாசிச்சனான்."

"அப்ப?"

"மறந்து போனன்" என்றேன்.

மறந்துபோனவன் என்று அவர் நினைக்கட்டும், வாசிக்கத் தெரியாதவன் என்று நினைக்கக்கூடாது. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. கடல் காற்றில் அவருடைய முந்தானை கம்பிக்கு வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, அதன் பிறகும் நெடுங்காலம் என்னோடு இருந்தார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு தடவையும் கதைக்கவில்லை. துண்டை நான் எறியவில்லை. நான்கு வருடம் கழித்து, எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு, ஒரு மத்தியானம் இறங்குதுறையில் இருந்து அதை விரித்து வாசித்தேன். "எனக்குப் பயமாக் கிடக்கு. நாளைக்குப் பிள்ளையை ஒருக்காக் கொண்டந்து காட்டுங்கோ." அவ்வளவுதான். இவ்வளவு சின்னத் துண்டு. வாசித்து முடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

சனிக்கிழமை காலை கூட்டம். மண்டபத்தில் கதிரைகள் நிறைந்திருந்தன. எங்கள் ஊர் மான்கள் கேட்டுக் கேள்வி இல்லாமல் எங்கேயும் நுழைகிறவை. இரண்டு மான் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, காற்றில் பறந்த கொப்பித் தாளொன்றை ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்கு எப்போதும் முன்வரிசைதான்.

வகுப்பேற்றம் பற்றிய கதை வந்ததும் மகள் எழுந்து, எப்படி அந்தப் பிள்ளை பாடமாக்கிச் சொல்கிறது என்று விளக்கினாள். முடிய முதலே பின்னால் இருந்து ஒருவர், "டீச்சர், உங்கட கையில அம்பிட்டிருந்தா முதலாளி ஐயாவும் இண்டைக்கும் மூண்டாம் வகுப்பிலதான்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதிபர், "சரி, பிள்ளையே வாசிக்கட்டும், பாத்திடுவம்" என்றார்.

அந்தச் சிறுமி மேடைக்கு வந்தது. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின பின்னல். மகளே புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். அதில் ஒரு படம் இருந்தது. பிள்ளை படத்தைப் பார்த்தது. பிறகு வாசித்தது பாருங்கள், மணி மணியாக. ஏற்ற இறக்கம், நிறுத்தம் எல்லாம் சரி. தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அந்தக் குரல் தூரத்தில் கேட்டது. ஓலை இடுக்கால் இறங்குகிற வெயில் என் மடியில் விழுந்ததுபோல இருந்தது. அந்த நேரத்தில் பிள்ளை தாளைப் புரட்டியது. வசனம் முடிய இன்னும் இரண்டு சொல் இருந்தது. புதிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, பழைய பக்கத்தின் அந்த இரண்டு சொல்லையும் வாய் தானாகச் சொல்லி முடித்தது.

மண்டபத்தில் வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. நான் கண்டேன். அந்தத் தொழிலை இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

எல்லாரும் கைதட்டினார்கள். "சேர், வேற புத்தகத்தில ஒரு பக்கம்..." என்று மகள் தொடங்க, "பாடப்புத்தகம் போதும் டீச்சர்" என்றார் அதிபர். "இதுக்குப் பேர் வாசிக்கத் தெரியாதது எண்டா, நாங்கள் எல்லாரும் ஒண்டாம் வகுப்புக்குத்தான் போகவேணும்" என்று இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு. மகளின் முகம் சிவந்துபோயிற்று. தாய் என் பக்கம் திரும்பி, "முதலாளி, இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

எழுந்தேன். அந்த இரண்டு சொல்லைச் சபையில் சொல்லிப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அதற்கு எட்டு வயதிலேயே முகம் இல்லாமற் போய்விடும். பேசாமல் இருந்தால் அது ஏறிப் போகும், யாரோ ஒருவர் கையில் கொடுக்கிற துண்டுக் கடதாசி வரைக்கும் ஏறிப் போகும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் கட்டியை நேரத்துக்கு முந்தித் தூக்கினா வெளியில கல்லு மாதிரி இருக்கும்" என்றேன். "நடுவில தண்ணி. கரையில நிக்கேக்க ஆருக்கும் தெரியாது. ஆழக்கடலுக்குப் போன பிறகுதான் தெரியும். என்னை அப்பிடித்தான் தூக்கினவை."

சிலர் பகிடி என்று சிரித்தார்கள்.

"பகிடி இல்லை. நான் அஞ்சு வகுப்பும் ஒரு எழுத்துத் தெரியாமல் ஏறினனான். புத்தகம் முழுக்கப் பாடம். தாள் புரட்டவும் தெரியும். முப்பத்தஞ்சு வயசு மட்டும் என்ர பேரை எனக்கு வாசிக்கத் தெரியாது."

சிரிப்பு நின்றது. பிறகு யன்னலைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். "மறந்து போனன்" என்று சொன்னதையும் சொன்னேன். அந்தத் துண்டில் எழுதியிருந்த பிள்ளை, முன்னால் நின்ற என் மகள். அவளைப் பார்க்காமல், வெளியே மானைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். மேடையில் நின்ற சிறுமியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அது புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாய் எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்து, விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் இருந்த இடத்தில் இருந்து தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றில் அவர் விரலை வைத்தார். பிள்ளை அந்தத் தாளைப் பார்த்தது, பிறகு தாயின் முகத்தைப் பார்த்தது. விரல் அடுத்த வரிக்குப் போனது. பிள்ளையின் வாய் அசையவில்லை.

திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "உங்களை நம்பியெல்லோ வந்தனான், முதலாளி" என்றார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. பிறகு என் மகளிடம், "டீச்சர், எங்க எழுதவேணும் எண்டு காட்டுங்கோ" என்றார்.

வீட்டுக்குப் போகும்போது முச்சக்கரவண்டியில் மகளும் நானும். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததும் சொன்னாள்: "இந்த ரோட்டால பஸ்ஸில போகேக்க அம்மா எப்பவும் அந்த யன்னலை அண்ணாந்து பாப்பா. ஏன் எண்டு கேட்டா, ஒண்டுமில்லை, காத்து வரும் எண்டுவா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ பிள்ளை?"

"எது? வாசிக்கத் தெரியாததோ?"

"ஓம்."

"தெரிஞ்சிருக்கும் அப்பா" என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வண்டியின் இரண்டு பக்கமும் வெயிலும் கடலும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

எல்லாப் பிள்ளைகளையும் மறிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மறிக்கிறது என்றால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். சும்மா மறித்து அதே சத்தத்துக்குள் திரும்ப விட்டால், பிள்ளை இன்னொரு தடவை பாடமாக்கும், முதற் தடவையைவிடச் சுத்தமாக. என் மகள் அந்த வருடம் முழுதும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, படமில்லாத தாள்களை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையோடு இருந்தாள். வேறு பிள்ளைகள் பழித்தார்கள்தான். அழுதுகொண்டு வீட்டுக்குப் போன நாட்களும் உண்டு என்று தாய் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அரைக்கிற இயந்திரத்துக்குள் ஐஸ் கட்டியைக் கொஞ்சம் பலமாகவே தள்ளினார்.

போன வருடம் ஒரு பின்னேரம் அந்தச் சிறுமி தாயைக் கூட்டிப்போகத் தொழிற்சாலைக்கு வந்தது. வாசலில் புகார் வந்துகொண்டிருந்தது. அதற்குள் நின்று, சுவரில் நான் எழுதுவித்து மாட்டியிருக்கிற பலகையை அண்ணாந்து பார்த்தது. "நி... லம்... வழுக்... வழுக்கும். க... வ... கவனம்." தடக்கித் தடக்கி, எச்சில் விழுங்கி, பாதியில் திரும்பப் போய். அன்றைக்கு மேடையில் வாசித்த அழகு ஒன்றும் அதில் இல்லை. தாய் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நானும் அசையவில்லை. அந்த இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்த வருடப் பரிசளிப்பு விழாவில் அந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் முன்னேற்றத்துக்கான பரிசு கிடைத்தது. நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். பிறகு அதிபர் தன்னுடைய ஆண்டறிக்கையை வாசித்தார். வகுப்பாசிரியையின் அர்ப்பணிப்பு, நல்லது. தாயின் துணிவான சம்மதம், மிக நல்லது. கல்வி வலயத்து அதிகாரிகளின் வழிகாட்டல். அவர்கள் எப்போது வழி காட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, இருக்கட்டும். மண்டபத்துக்குப் பந்தல் போட்டவருக்குக்கூட நன்றி வந்தது. என்னைப் பற்றி வந்தது ஒரு வரி: வடக்குக் கட்டடத்தை அன்பளித்த கொடையாளி.

அதிபரிடம் நேரே போய்ச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். கட்டடத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது, அது போதும். கட்டடம் காசுள்ள எவனும் கட்டுவான். அந்தச் சனிக்கிழமை, அவ்வளவு சனத்துக்கு முன்னால், பெற்ற மகளுக்கு முன்னால், எனக்கு எழுத்துத் தெரியாது என்று எழுந்து நின்று சொன்னவன் நான். அதைச் சொல்லியிராவிட்டால் அந்தத் தாய் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அதிபருக்கும் தெரியும். அறிக்கை அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. வகுப்பாசிரியை, தாய் என்று வருகிற அந்த வசனத்தில் மூன்றாவது ஆளாக என்னையும் போடவேண்டும், நான் என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்துப் போடவேண்டும். அச்சான பிறகு நானே வாங்கி வாசித்துப் பார்ப்பேன்.